கட்டைவிரல் ஆஜராகவில்லை

கடல் கடந்து வேலைக்குப் போகிற ஏழைகளுக்கு அங்கே ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்பதற்காக வேலூரில் ஓர் ஆபீஸ் இருந்தது. கடல் கடந்து போய்ச் சேராதவனுக்கு அங்கே எந்தக் கெடுதலும் வர முடியாது. இந்த உண்மையைக் கண்டுபிடித்து, ஒழுங்காக நடைமுறைக்கும் கொண்டுவந்த ஆபீஸ் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதன் முழுப்பெயர் கடல் கடக்கும் தொழிலாளர் குடும்ப க்ஷேமச் சான்று ஆபீஸ். பலகையில் இடம் போதாமல் கடைசி இரண்டு சொற்களைப் பக்கத்துத் தூணில் எழுதியிருந்தார்கள். நாங்கள் க்ஷேம ஆபீஸ் என்று சொல்லுவோம்.

நான் வில்சன். அந்த ஆபீஸுக்கு எதிரே புங்கமரத்தடியில் மேஜை போட்டுப் பதினேழு வருஷம் மனு எழுதிக் கொடுத்தவன். ஒரு மனுவில் முடிய வேண்டிய காரியம் ஒன்பது மனுவாக நீண்டால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆகவே அந்த ஆபீஸ் மேல் எனக்கு வெறுப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அலுப்புதான். அந்த அலுப்பு எனக்கு எப்போது வந்தது என்று கேட்டால், வாஹித் பாஷாவின் காரியத்தில் என்று நாள் குறித்தே சொல்லிவிடுவேன்.

அவர் ஆம்பூர்க்காரர். அங்கே ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலை மயிர் கழலும்வரை சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, புரட்டி, எடுத்து, மறுபடி போடுகிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம், ஆடி மாதத்தில், காட்பாடிவரை ரயிலிலும் அங்கிருந்து ஜட்காவிலும் வந்து என் மேஜை முன் நின்றார். கையில் ஒரு கடிதம்.

"என் தோஸ்த் நசீர் அகமது சிங்கப்பூர்ல மேஸ்திரியா இருக்கான் ரைட்டர் சார். நம்ம பக்கத்து முதலாளிதான் அங்க தோல் ஷாப்பு வெச்சிருக்காரு. தொட்டி வேலை தெரிஞ்ச ஆளு வேணுமாம். ரெண்டு ரூம் வூடு குடுக்கறாங்க. பக்கத்துலயே இஸ்கூலு. குடும்பத்தோட வான்னு எழுதியிருக்கான்."

"தனியாகப் போகிறதானால் நாளைக்கே சான்று கிடைக்கும் பாய். குடும்பம் என்றால்தான் நாளாகும். நீங்கள் முன்னாடி போய், அப்புறம்..."

"அது மட்டும் சொல்லாதீங்க சார்." அவர் குரல் உயரவில்லை. ஆனால் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "இதே நசீர் தனியாத்தான் போனான். அஞ்சு வருஷம் கழிச்சு வந்தான். அவன் புள்ள அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சுக்கினு, இந்த மாமூ எப்ப போவாருன்னு கேட்டுச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தேன். போனா அஞ்சு பேரும் போறது. இல்லாட்டி தொட்டியே போதும்."

அஞ்சு பேர் என்றால் அவர், அவர் மனைவி ரஃபத் ஜஹான், ஒன்பது வயது பில்கிஸ், ஆறு வயது ரஷீத், ஆறு மாதக் கைக்குழந்தை ஷஹீன்.

மனு எழுதினேன். கீழே அவர் உருதுவில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். தொழிலாளர் பிரிவு மனுவில் கட்டைவிரல் ரேகைதான் வைக்க வேண்டுமாம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் தொழிலாளர் ஆகமாட்டாராம். கையெழுத்தை அடித்துவிட்டு உள்ளே அழைத்துப் போனேன்.

ரேகை எடுக்கிற குமாஸ்தா சத்தியநாதன். என்னோடு ஒரே கோயிலுக்கு வருகிறவர். நல்ல மனிதர், ஆனால் முப்பது வருஷ உத்தியோகத்தில் அதை வெளியே காட்டாமல் இருக்கப் பழகிவிட்டார். பாஷாவின் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினார். வட்டமாக ஒரு கறுப்பு விழுந்தது. வேறு ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டு மறுபடி உருட்டினார். மை அதிகமென்று குறைத்தார், குறைவென்று கூட்டினார், ஊதா மையைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு பூதக்கண்ணாடி வைத்து விரலையே பார்த்தார்.

"ரேகையே இல்லையே பாய்!"

"சுண்ணாம்பு தின்னுடுச்சு சார். எங்க ஷாப்புல தொட்டி ஆளுங்க எல்லாருக்கும் இப்படித்தான். வழவழன்னு ஆய்டும்."

விஷயம் சூப்பரின்டென்டென்ட் சீனிவாசனிடம் போனது. வெள்ளைத் தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி, பேசும்போது எதிரில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதாக ஒரு பார்வை. ஆறு வருஷமாக அவர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

"இந்த ஆபீஸ் எதற்காக இருக்கிறது? கண்காணாத தேசத்தில் ஏழைகள் ஏமாறாமல் இருப்பதற்காக. நான் பொறுப்பேற்ற ஆறு வருஷத்தில், இங்கிருந்து குடும்பத்தோடு சான்று பெற்றுப் போன ஒருவர்கூட ஏமாற்றப்பட்டதாகப் புகார் இல்லை."

உண்மைதான். அந்த ஆறு வருஷத்தில் குடும்பத்தோடு சான்று பெற்றவர் ஒரே ஒருவர். அவரும் கப்பலுக்குப் போகிற வழியில் மனசு மாறி அரக்கோணத்தில் இறங்கிவிட்டார்.

"ரேகையில்லாத மனுவை நான் ஏற்றால், நாளைக்கு ஒரு விரோதி இந்த மனிதரைப் போலவே இன்னொருவரைக் கப்பலேற்றினால் இவர் கதி என்ன? இவருடைய நன்மைக்காகத்தான் இவரை நான் நம்பாமல் இருக்கிறேன்" என்றார். மனுவின் ஓரத்தில் எழுதினார்: "மனுதாரர் ஆஜர். கட்டைவிரல் ஆஜராகவில்லை."

அடுத்த மாதம், மேற்படி நபருக்குக் கட்டைவிரல் உண்டு என்று டாக்டரிடம் சான்று வாங்கி வந்தோம். இடது கைக்கும் சேர்த்து வாங்கி வரச் சொன்னார்கள். அதையும் வாங்கினோம். விரல் இருப்பது நிரூபணமாயிற்று, ரேகை இல்லாதது ஏன் என்பது நிரூபணமாகவில்லை என்று பதில் வந்தது. அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் பாஷாவுக்கு ஷாப்பில் ஒரு நாள் லீவு. மேஸ்திரியின் முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையைத் தட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மனுப் படிவத்தில் பதினாலாவது இனம், அங்க அடையாளம். மச்சம், தழும்பு என்று எல்லோரும் எழுதுகிற இடம். பாஷாவுக்கு ஒரு மச்சமும் இல்லை. நான் எழுதினேன்: "இரு கட்டைவிரல்களிலும் ரேகை கிடையாது." எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எது தடையோ அதுவே அத்தாட்சி! பதினேழு வருஷ உத்தியோகத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு வரி நான் எழுதியதில்லை.

சூப்பரின்டென்டென்ட் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேஷ்!" என்றார். மனு ஏற்கப்பட்டது. பாஷா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் சோப்புக்கட்டி போல வழுக்கின.

அடுத்தது ரஃபத் ஜஹானின் அடையாளம். அந்த அம்மாள் கோஷா. ஆண்கள் பார்க்கக் கூடாது. விதியோ சூப்பரின்டென்டென்ட் நேரில் கண்டதாக எழுத வேண்டும் என்றது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கிரேஸி என்ற நர்ஸ் வந்து திரைக்கு உள்ளே நின்று, இடது முழங்கையில் எண்ணெய் தெறித்த வடு என்று சொன்னாள். சீனிவாசன் நாற்காலியோடு திரைக்கு இந்தப் பக்கம் நகர்த்தப்பட்டு, "வடுவைக் கண்டவர் கண்டதாகச் சொன்னதை நேரில் கேட்டேன்" என்று எழுதி, தேதி போட்டார். இந்தத் தீர்வு பிற்காலத்தில் மேலிடத்தால் பாராட்டப்பட்டதாகக் கேள்வி.

பிள்ளைகளை வராந்தாத் தூணில் அடித்திருந்த அளவுப் பலகையில் நிறுத்தி உயரம் எடுத்தார்கள். பில்கிஸ் நாலடி இரண்டு அங்குலம். ரஷீத் மூன்றடி எட்டு. ஷஹீனை ஒரு பெரிய பதிவேட்டின் மேல் படுக்கவைத்து, நாடா பிடித்து, இரண்டடி ஒரு அங்குலம் என்று எழுதினார்கள். குழந்தை பதிவேட்டை நனைத்துவிட்டது. அந்தப் பக்கம் காயும்வரை வேலை நடக்காது என்றார்கள். நடக்கவில்லை.

"சிங்கப்பூர்ல டெய்லியும் மழ பெய்யுமா மாமா?" என்று பில்கிஸ் என் மேஜைக்கு வந்து கேட்டாள். நீளப் பாவாடை, இரட்டைப் பின்னல், எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிற சுபாவம்.

"நசீர் சாச்சா எழுதியிருக்காரு. டெய்லி மழயாம். அப்ப துணி எப்படிக் காயும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். போய்ப் பார்த்து எழுதுகிறேன் என்றாள்.

பிறகு வந்தது பள்ளிக்கூட விவகாரம். குழந்தைகள் இங்கே ஒரு பள்ளியிலும் படிக்கவில்லை என்று அத்தாட்சி வேண்டுமாம். இங்கே படித்துக்கொண்டே அங்கேயும் படித்தால் அரசாங்கத்துக்கு இரட்டைச் செலவு என்பது காரணம். பாஷா இரண்டு பிள்ளைகளின் பெயரையும் பள்ளியில் அடித்துக்கொண்டு வந்தார். "ஒரு மாசந்தானே சார்" என்றார். நானும் ஆமாம் என்றேன். அந்த ஆமாமுக்கு என்ன ஆதாரம் இருந்தது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

கோப்பு சென்னைக்குப் போனது. அங்கே எட்டு மாதம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து நசீரின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. இடம் காலியாகத்தான் இருக்கிறது, வா. முதலாளி கேட்கிறார், எப்போது வருகிறாய். பக்ரீதுக்குள் வந்துவிடு. பிள்ளைகள் இரண்டும் வீட்டில் உட்கார்ந்து பழைய பாடங்களையே ஒப்பித்துக்கொண்டிருந்தன. ஆம்பூர் ஷாப்பில் மேஸ்திரி, போகிறவனுக்கு எதற்கு வேலை என்று பாஷாவை நிறுத்திவிட்டார். அவர் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனார். போகிற வழிதானே, கொஞ்ச நாள்தானே என்று சொல்லிக்கொண்டார்.

மறு வருஷம் கார்த்திகையில் சான்று வந்துவிட்டது. ஐந்து பேருக்கும். பதினாறு மாதத்தில்! சத்தியநாதனே தெருவைக் கடந்து வந்து எனக்குச் சொன்னார். அவர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. தந்தி மாதிரி ஆள் அனுப்பி பாஷாவை வரவழைத்தோம். கடைசியாக ஒரே ஒரு சடங்கு பாக்கி. சான்றில் கண்ட அங்க அடையாளத்தை ஆளோடு ஒத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சத்தியநாதன் விரலை மையில் தோய்த்தார். காகிதத்தில் உருட்டினார்.

ரேகை விழுந்தது. சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல், வெகு அழகான ரேகை.

ஏழு மாதமாகச் சுண்ணாம்பில் கை வைக்காத விரல். தோல் வளர்ந்துவிட்டது. பாஷா காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், பாவம். "வந்துடுச்சு சார்! இப்ப நல்லா வுழுது பாருங்க!" என்றார். சத்தியநாதன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சீனிவாசன் வெகு நேரம் பேசினார். சுருக்கம் இதுதான். "ரேகை இல்லாத வாஹித் பாஷா என்ற நபருக்கு இந்த இலாகா சான்று வழங்கியிருக்கிறது. அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ரேகையுள்ள நீர் வந்து அவருடைய சான்றைக் கேட்கிறீர். நீர் அவராகவே இருக்கலாம். நான் மறுக்கவில்லை. உம்மை எனக்குப் பதினாறு மாதமாகத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததை வைத்து நான் வேலை செய்தால் இந்த ஆபீஸ் எதற்கு?"

"அப்ப நான் யாரு சார்?" என்று கேட்டார் பாஷா. கோபத்தில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதற்குத் தனி மனு" என்றார் சீனிவாசன்.

வெளியே வந்து என் மேஜை முன் நின்றார். நான் எழுதிய வரிதான் அவர் கழுத்தைப் பிடித்தது. அதை அவர் ஒரு வார்த்தையில் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. நசீரின் கடைசிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். தை பிறந்து வருகிற முதல் கப்பலில் வராவிட்டால் முதலாளி சீன ஆளைப் போட்டுக்கொள்வார் என்று இருந்தது. ஐந்து வாரம்.

"பழைய ஷாப்புக்குப் போறேன் சார்" என்றார்.

"வேலை கொடுக்கமாட்டார்களே பாய்."

"வேலை வேணாம். தொட்டி குடுத்தாப் போதும்."

கூலி கிடையாது என்ற பேச்சின் பேரில் மேஸ்திரி அவரைத் தொட்டியில் விட்டார். வழக்கமாகச் செய்கிறவர்கள் நாளுக்குச் சில மணி நேரம்தான் கையை உள்ளே வைப்பார்கள். பாஷா காலையில் வைத்தால் சாயங்காலம்தான் எடுப்பாராம். அதுவும் புதுச் சுண்ணாம்பு கரைத்த தொட்டியாகப் பார்த்து. நாலாவது வாரம் நான் ஆம்பூர் போயிருந்தபோது பார்த்தேன். விரல் நுனிகள் வெந்து சிவந்திருந்தன. சோறு பிசைந்தால் உப்பும் காரமும் பட்டு எரிகிறது என்று ரஃபத் ஜஹான் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார். அவர்தான் ஊட்டிவிடுகிறாராம். "இந்த பேஜார் எல்லாம் அங்க போனா மறந்துடும் பாய்" என்றார் என்னிடம். 

பில்கிஸ் மட்டும் ஒரு மூலையில் தம்பியோடு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். சுவரோரம் நின்று இரண்டு பேரும் மெல்ல மெல்லக் குட்டையாகிக்கொண்டிருந்தார்கள். என்ன விளையாட்டு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கப்பலுக்கு ஆறு நாள் முன்பு ஐந்து பேரும் வந்தார்கள். படுக்கைச் சுருட்டு, தகரப்பெட்டி, ஊறுகாய் ஜாடி, எல்லாம் ஜட்காவில். சத்தியநாதன் பாஷாவின் விரலை மெதுவாக எடுத்து, மையில் தொட்டு, உருட்டினார். வட்டமாக ஒரு கறுப்பு விழுந்தது.

"ரேகை இல்லை" என்று உரக்கப் படித்தார்.

"இப்போதுதான் நீர் நீராக இருக்கிறீர்!" என்றார் சீனிவாசன், மனம் நிறைந்து. "பார்த்தீரா? விதிமுறை யாரையும் கைவிடாது. இனி குழந்தைகள்."

குழந்தைகளை அளந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அளவு ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் அது வேறு குழந்தையாகக் கருதப்படும் என்று விதி. "குழந்தைகள் வளர்வதற்கு இலாகா விரோதி அல்ல. வளர்வதாக இருந்தால் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும்" என்று சீனிவாசன் எனக்கு ஒரு தடவை விளக்கியிருக்கிறார். அதை நான்தான் போன மாதம் பாஷாவிடம் சொல்லியிருந்தேன். அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

பில்கிஸ் பலகையில் முதுகை ஒட்டி நின்றாள். முகம் வெகு சாதாரணமாக இருந்தது. நீளப் பாவாடைக்குள் முழங்கால் மடங்கியிருப்பது எனக்குத் தெரிந்தது. பாவாடையின் கரை தரையில் மூன்று அங்குலம் புரண்டது. சத்தியநாதன் குனிந்து அந்தக் கரையைப் பார்த்தார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.

"நாலடி இரண்டு."

தொளதொள பைஜாமாவில் ரஷீத் வந்தான். கால் நடுங்கியது. சத்தியநாதன் அவசரமாக, "மூன்றடி எட்டு, இறங்கு" என்றார்.

ஷஹீன் பாக்கி. எத்தனை அங்குலமானாலும் குறைத்துப் படிக்க சத்தியநாதன் தயாராகத்தான் இருந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இரண்டு வயதுக் குழந்தையை அவர் பலகையில் நிறுத்தினார். அதற்கு யாரும் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அண்ணனும் அக்காவும் நின்ற இடத்தில் தன்னையும் நிறுத்திய பெருமையில், அது குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எம்பி, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, "நானு பெர்சு!" என்று கூவிற்று.

ஏழு வருஷமாக நாற்காலியை விட்டு எழாத சீனிவாசன் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். கன்னத்தைத் தட்டினார். "நன்றாக வளர்ந்திருக்கிறாள்!" என்றார். அப்படியே பலகையையும் பார்த்தார்.

"இரண்டடி பத்து" என்று அவரே படித்தார்.

சான்று நாலு பேருக்குத் தயார், ஐந்தாவது நபருக்குப் புது மனு என்றார். குழந்தை சிறியதாக இருப்பதால் மனுவும் சிறியதுதான், ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். "ஐந்து பேரில் நாலு பேர் போகிறீர்கள். இந்த ஆபீஸ் சரித்திரத்தில் இப்படி ஒரு வெற்றி கிடையாது."

"ரெண்டு வயசுப் புள்ளைய வுட்டுட்டா சார்?"

"நான் யாரையும் விடச் சொல்லவில்லை. சான்றில்லாதவரை ஏற்றக் கூடாது என்றுதான் சொல்கிறேன்."

பாஷா ஷஹீனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "வேணாம் சார். நாங்க வூட்டுக்குப் போறோம்" என்றார்.

சான்று வேண்டாம் என்பதற்கும் ஒரு படிவம் இருந்தது. அதிலும் கட்டைவிரல். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. சத்தியநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆஜராகவில்லை என்று எழுதவில்லை. ஒன்றும் எழுதாமல் மடித்து வைத்துவிட்டார்.

வெளியே ஜட்கா நின்றிருந்தது. ரஃபத் ஜஹான் ஏறி உட்கார்ந்தார். பில்கிஸ் படியிறங்கி, வாசலைக் கடந்து, என் மரம்வரை நடந்து வந்தாள். நடை விசித்திரமாக இருந்தது. பாவாடை இன்னும் தரையில் புரண்டுகொண்டிருந்தது.

பாஷா திரும்பிப் பார்த்தார்.

"போதும்மா. இனிமே நேரா நில்லு" என்றார்.

அவள் முழங்காலை நிமிர்த்தினாள். அதுவரை அழாத பெண் அப்போதுதான் அழுதாள். நானும் என் மேஜை மேல் இருந்த காகிதங்களைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

பாஷா ஆம்பூர் ஷாப்பில் அதே தொட்டிக்குத் திரும்பிவிட்டார். கூலி இல்லாமல் அவர் உழைத்ததைப் பார்த்து மேஸ்திரிக்கு அவர்மேல் நல்ல அபிப்பிராயம் வந்திருந்தது. பிள்ளைகளை மறுபடி பள்ளியில் சேர்த்தார்கள், விட்ட வகுப்பிலேயே. அந்த வகுப்பில் பில்கிஸ்தான் உயரம். கடைசி வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்களாம்.

பங்குனியில் க்ஷேம ஆபீஸின் வருஷாந்தர அறிக்கை. நல்ல கையெழுத்து வேண்டுமென்று நகல் எடுக்க என்னிடம் கொடுத்தார் சத்தியநாதன். கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். பன்னிரண்டு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், இலாகாவின் சாதனைகள் என்ற தலைப்பின் கீழே சீனிவாசன் தம் கையாலேயே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்.

"இவ்வருஷத்தில், கடல் கடந்த வேலையின் நிமித்தம் பிரிந்து போகாமல் இவ்வாபீஸால் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள்: ஒன்று."

அடிக்கோடு கோணலாக இருந்தது. நான் அளவுகோல் வைத்து நேராகப் போட்டுக் கொடுத்தேன்.